ஓட்டு வீட்டை விற்கும்முன்: பெயிண்டா, சுண்ணாம்பா, இடித்துவிடுவதா?

தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்பது என்று அக்காவும் நானும் முடிவு செய்ததுமே ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சுவருக்குப் புட்டி வைத்து எமல்ஷன் பெயிண்ட் அடித்து, கூடத்துக்கு டைல்ஸ் போட்டால் வீடு தூக்கிக்கொடுக்கும் என்றார் புரோக்கர். "இந்தக் காலத்துல எவன்டா ஓட்டு வீடு வாங்குறான், இடிச்சிட்டு மனையா குடு" என்றார் சித்தப்பா. நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. உடைந்த ஓட்டை மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வீடாகவே விற்றோம். மயிலாடுதுறைப் பக்கம், ஆற்றை ஒட்டிய தெரு. அதனால் இந்த அலசல் சுண்ணாம்பின் பக்கம்தான் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் அடிமனை யாருடையது என்று பார்த்துவிடுங்கள். நம் பக்கம் கோயில், மடத்து மனையில் நிற்கும் வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அப்படியிருந்தால் உங்களுடையது கட்டடம் மட்டும்தான், நிலத்தைப் பத்திரம் போட்டு விற்க முடியாது, பெயிண்டா சுண்ணாம்பா என்ற பேச்சே அப்புறம்தான். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, வில்லங்கம் எல்லாம் எந்த வழியில் விற்றாலும் வேண்டும். அதை நீட்டவில்லை.

இடிப்பதற்கு ஆதரவாகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. கட்டட மதிப்பு சேராததால் வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று போகும் செலவு கொஞ்சம் குறையும். தேக்கு உத்தரமும் நிலைக்கதவும் இருந்தால், மரத்தை எடுத்துக்கொண்டு இடித்துத் தருகிற வியாபாரிகளும் வருவார்கள். ஆனால் வருமான வரியில் ஒரு முடிச்சு இருக்கிறது. நீண்டகாலமாக இருக்கும் வீட்டை வீடாக விற்றால், கிடைத்த லாபத்தை மட்டும் உரிய காலத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டு வரிவிலக்கு கேட்கலாம். இடித்துக் காலிமனையாக விற்றால் முழு விலக்குக்கு விற்ற தொகை அத்தனையையும் வீட்டில் போட வேண்டும். அக்காவுக்கு அவள் பங்கில் பெரும்பகுதி பெண் கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது, எங்கள் வீட்டில் இடிக்கிற பேச்சு அதோடு நின்றது. வீடாக விற்றால் கரண்ட் இணைப்பு, வீட்டு வரி ரசீது எல்லாம் அப்படியே கைமாறுவது உபரி வசதி.

ஆக, உண்மையான போட்டி எமல்ஷனுக்கும் சுண்ணாம்புக்கும்தான். அதைத் தீர்மானிப்பது அழகு இல்லை, விலையும் இல்லை, ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்.

டெல்டா வீட்டின் கதையே ஓதம்தான். அந்தக் காலத்துக் கடைகாலில் ஈரத்தடுப்பு என்று எதுவும் போடவில்லை. களிமண் பூமி, கைக்கெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர். ஜூன் 12 வாக்கில் மேட்டூரைத் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கிணறு ஏறும், கூடவே செங்கல்லும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஏறிய ஈரம் எங்கேயாவது வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர் அதைத் தன் முகத்தாலேயே காற்றுக்கு விட்டுவிடும். ஈரம் காயும்போது அதிலிருக்கும் உப்பு வெள்ளையாகப் பூக்கும், விளக்குமாற்றால் தட்டினால் உதிர்ந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். அதே சுவரில் சிமெண்ட் பூசி, புட்டி இழுத்து, எமல்ஷன் அடித்தால் வாயை அடைத்த மாதிரி. உப்பு பெயிண்டுக்குப் பின்னால் சேர்ந்து முதலில் கொப்புளம் விடும், அப்புறம் புட்டியோடு சேர்ந்து பெயர்ந்து விழும். இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்களும் உண்டு. ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் எட்டிப்பார்க்கும்.

"சொந்தமா இருக்கப்போற வீடுன்னா பரவாயில்லையே, விக்கிற வீடுதானே, ஆறு மாசம் தாங்கினா போதாதா" என்று கேட்பார்கள். இங்கேதான் வாங்குகிறவர்களைக் குறைத்து எடை போடுகிறோம். ஓட்டு வீடு தேடி வருகிறவர் பெரும்பாலும் இதே மண்ணில் பிறந்து வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சுவர் நிறத்தைப் பார்ப்பதில்லை. நேராக இரண்டாம் கட்டுக்குப் போய், தரையும் சுவரும் சேரும் மூலையில் கட்டைவிரலால் அழுத்துகிறார், நகத்தால் ஒரு கீறல் போடுகிறார், அலமாரியைத் திறந்து மோந்து பார்க்கிறார். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர் இத்தனையும் செய்துவிட்டு, "ஐப்பசியில ஒரு தடவை வந்து பாத்துக்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி மழையோடு வந்தார். சுவரின் அடிப்பாகம் கொஞ்சம் கறுத்திருந்தது, உப்பும் பூத்திருந்தது, ஆனால் மறைந்திருந்தது எதுவும் இல்லை. அதே தெருவில் புது எமல்ஷனோடு பளபளவென்று நின்ற இன்னொரு வீட்டையும் அவர் பார்த்திருந்தார். "புது பெயிண்ட்டுன்னா எதையோ மூடுறாங்கன்னுதான் தோணுது" என்றார். மற்றவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் விற்றது ஒரு வீடுதான்.

சுண்ணாம்பு அடிக்கிற ஆள் கிடைப்பது இப்போது கொஞ்சம் கஷ்டம், வயசான கொத்தனார்களிடம் கேட்டுப் பாருங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நன்றாக ஊற வைத்து, துணியில் வடிகட்டி, மட்டையால் மெல்லிசாக அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். அடித்த கையோடு பார்த்தால் ஒன்றுமே ஒட்டாத மாதிரி தெரியும், பயப்படாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். பழைய பெயிண்ட் இருந்தால் சுரண்டி எடுக்காமல் மேலே அடித்துப் பிரயோஜனமில்லை, கூலியில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். அப்படியும் மொத்தச் செலவு எமல்ஷன், டைல்ஸ் கணக்குக்குப் பக்கத்தில் வராது. இந்த மாதிரி பராமரிப்புச் செலவை வரிக் கணக்கில் லாபத்திலிருந்து கழித்துக் காட்டவும் முடியாது என்பதால், குறைவாகச் செலவழிப்பதே மேல்.

குறை இல்லாமல் இல்லை. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். போட்டோவில் எடுபடாது, வாட்ஸப்பில் படம் பார்த்துவிட்டு சென்னையிலிருந்து கூப்பிடுகிற ஆளுக்கு வீடு பஞ்சம் பிடித்த மாதிரிதான் தெரியும். வாங்குகிறவர் அப்படிப்பட்டவர்தான் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், முன்கூடத்தை மட்டும், அதுவும் ஓதம் ஏறாத உயரத்துக்கு மேலே, பெயிண்ட் அடியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

மிச்சப்பட்ட பணத்தைக் கூரையில் போடுங்கள். குரங்கு உடைத்த ஓடு, கஜா புயலில் நகர்ந்து அப்படியே கிடக்கும் வரிசை, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தில் கரையான் தின்றது, இதெல்லாம் புரட்டாசிக்குள் சரியாகிவிட வேண்டும். நாட்டு ஓடு இப்போது லேசில் கிடைப்பதில்லை. மாட்டுக்கொட்டகை ஓட்டைப் பிரித்து வீட்டுக்குப் போட்டுவிட்டு, கொட்டகைக்குத் தகரம் போட்டோம். ஈரச் சுவரை மன்னிக்கிற ஆள்கூட, கூடத்தில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருப்பதைப் பார்த்தால் விலையைப் பாதியிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

தளம் போட்ட வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. சிமெண்ட் கலவையில் கட்டி, அடியில் கான்கிரீட் பெல்ட் போட்டு எழுப்பிய சுவர் வேறு ஜாதி, அங்கே எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம். எங்களிடம் வாங்கியவர் முன்பணம் கொடுக்கும்போது சட்டையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிக்கொண்டே அதற்கும் ஒரு தொகை குறைக்கச் சொன்னார். அக்கா குறைக்கவில்லை.