கடலோர மண்ணுக்கு வேக்குவம் செங்கல் மெஷின்: எந்தப் பாகத்துக்குக் காசு கொடுக்கலாம்?

செங்கல் மெஷின் விற்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்வது, மணிக்கு எத்தனை கல் என்பதைத்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிக் காளவாசல் (செங்கல் சூளை) நடத்துகிறவர்களுக்கு அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. இங்கே கல் கெடுவதற்குக் காரணமே வேறு. மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. மண்ணுக்குள் சிப்பியும் கிளிஞ்சலும் கிடக்கின்றன. கண்மாய்க் களியும் கரிசலும் காயும்போது சுருங்கி வெடிக்கின்றன. இந்த மூன்றையும் ஒரு மெஷின் எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்துத்தான் அது தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும்.

இங்கே எடுத்துக்கொண்டது சிறிய ரக வேக்குவம் எக்ஸ்ட்ரூடர். ரோலர், இரட்டைத் தண்டு மிக்சர், வேக்குவம் அறை, மண்ணை முன்னே தள்ளும் ஸ்க்ரூ, மண் வெளிவரும் அச்சு வாயான டை, அதைக் கல்லாக அறுக்கும் ஒயர் கட்டர் எல்லாம் ஒரே வரிசையில் வரும். மணிக்கு 2000 கல் என்று சொல்லி விற்கப்படுவது.  மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அழுத்தும் இந்த முறை 1930-களிலேயே வெளிநாட்டுச் செங்கல் ஆலைகளில் பரவிவிட்டது. பிறகு வந்த முன்னேற்றம் பெரும்பாலும் மண் உரசும் பாகங்களில் நடந்தது. விலைப்பட்டியலில் அவை கண்ணில் படாத மூலையில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டியவை அவைதான்.

முதலில் தண்ணீர். கையால் அச்சில் அறுக்க மண் நன்றாகக் குழைய வேண்டும். உலர்ந்த மண்ணின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீர் போகும். வேக்குவம் மெஷினுக்கு 20 சதவீதம் போதும். ஒரு கல்லுக்கு உலர்ந்த மண் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால், கையில் 900 மில்லி, மெஷினில் 600 மில்லி. ஆயிரம் கல்லுக்கு 300 லிட்டர் மிச்சம். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 3000 என்றால் லிட்டருக்கு 3 கிராம் உப்பு. ஆக ஆயிரம் கல்லுக்குள் போகிற உப்பில் 900 கிராம் குறைகிறது. சுவரில் வெள்ளை பூத்துச் சுண்ணாம்பும் பெயிண்டும் உரிந்து விழும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மெஷினுக்குப் போடும் முதலீட்டில் பாதி இந்த ஒரு காரணத்துக்கே தகும்.

மண்ணிலேயே இருக்கும் உப்பை எந்த மெஷினாலும் எடுக்க முடியாது. அனுமதி வாங்கிக் கொண்டுவந்த கண்மாய் மண்ணைப் புரட்டாசிக்குள் களத்தில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பரப்பிவிட வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு பக்கம் சரிவு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை கழுவட்டும். நடுவில் ஒரு தடவை புரட்டிவிட்டால் அடி மண்ணும் கழுவப்படும். தை பிறந்து அறுக்கத் தொடங்கும்போது உப்பும் குறைந்திருக்கும், கட்டியும் தானாக உதிர்ந்திருக்கும். ரோலருக்கும் வேலை பாதியாகும்.

ரோலர் என்றதும் சிப்பி. அரைப்படாத சிப்பித் துண்டு, கல் வேகும்போது 900 டிகிரி வாக்கில் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடுகிறது. சூளை பிரித்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது. கல்லின் முகத்தில் காசு அளவுக்கு ஓடு பெயர்ந்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். சூளையில் நன்றாக இருந்த கல், கட்டிடத்தில் ஏறிய பிறகு பெயர்வது இப்படித்தான். துண்டு பெரிதாக இருந்தால்தான் இந்தக் கேடு. மாவாக அரைபட்டு மண்ணோடு கலந்துவிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அதனால் ரோலர் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு வர வேண்டும். பழைய மாடல்களில் ஒரே ஜோடி ரோலர் 5, 6 மில்லிமீட்டரில் நிற்கும். இப்போது வருகிற நல்ல மெஷின்களில் இரண்டு ஜோடி: மேல் ஜோடி கட்டியை உடைக்கிறது, கீழ் ஜோடி ஆளுக்கொரு வேகத்தில் சுற்றி மண்ணைத் தேய்த்து மெல்லிய தகடாக விடுகிறது. இந்த இரண்டாவது ஜோடியைக் கூடுதல் காசு என்று தவிர்க்கிறவர்கள் நிறைய. கடலோரத்துக்கு அது கட்டாயம். ரோலர் நடுவில்தான் முதலில் தேயும். ஓரம் 2 காட்டும், நடு 5 ஆகியிருக்கும். ஈயக் கம்பித் துண்டை மெதுவாக உள்ளே விட்டு, நசுங்கி வந்த கனத்தை வெர்னியரில் அளந்தால் உண்மை தெரியும். ரோலரைக் கழற்றாமலே கடைந்து சமன் செய்யும் அமைப்பு இருந்தால் அந்த மெஷினுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி மண்ணில் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டால் போதும், நுரைக்கும். அதிகம் நுரைக்கிற மண் என்றால், சூளை பிரித்ததும் கல்லைச் சூடு ஆறுமுன் தண்ணீரில் முக்கி எடுக்கும் பழைய வழியையும் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

வேக்குவம் அறைதான் இந்த மெஷினின் உயிர். மீட்டரில் 650 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். 500-க்கு இறங்கினால் டையிலிருந்து வரும் மண் பத்தை விளிம்பில் பிசிறு தட்டும், வளைத்தால் வெடிக்கும். குறைவதற்கான காரணங்களில் இங்கே அதிகம் அகப்படுவது பம்புத் தண்ணீரின் சூடு. இந்த மெஷின்களில் வருவது பெரும்பாலும் தண்ணீர் வளைய பம்ப். உள்ளே சுற்றும் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் அதன் ஆவி அழுத்தம் 32 மில்லிமீட்டர். 40 டிகிரி ஆனால் 55. ஆவி கூடக் கூட வேக்குவம் குறையும். சித்திரை வெயிலில் திறந்த தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டால் பம்ப் நல்ல நிலையில் இருந்தாலும் மீட்டர் ஏறாது. தொட்டிக்குப் பனை ஓலைக் கூரை போட்டு, கொள்ளளவையும் பெரிதாக்கினால் போதும். பம்பைப் பிரிக்கத் தேவை இருக்காது. அந்தத் தொட்டிக்கு உவர் தண்ணீர் ஆகாது. உள்ளே உப்புப் படிந்து இறக்கை தேயும், உடம்பு அரிக்கும். தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் ஈடுகட்ட ஊற்றுவது கொஞ்சம்தான். அதற்கு நல்ல தண்ணீரே வாங்கலாம்.

இரண்டாவது காரணம் காற்றுக் கசிவு. மெஷின் ஓடும்போது ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் மூடி விளிம்பு, தண்டு நுழையும் இடம், பார்க்கும் கண்ணாடி ஓரம் என்று மெல்லக் கொண்டுபோனால், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். மூன்றாவது, மிக்சரில் மண் குறைந்து போவது. மிக்சரின் முடிவில் இருக்கும் துளைத் தகட்டில் மண் நிறைந்து நின்றால்தான் வெளிக்காற்று அடைபடும். மண் போடும் ஆள் ஐந்து நிமிடம் விட்டால் மீட்டர் விழுந்துவிடும். இது ஆளின் குறை மட்டும் இல்லை; மிக்சருக்கு முன்னால் மண்ணைச் சீராக ஊட்டும் பெட்டி (பாக்ஸ் ஃபீடர்) இல்லாத மெஷின் வாங்கியதன் குறையும்தான்.

ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்ல வேண்டியது தேய்மானம். கடலோர மண்ணில் மணல் அதிகம், அது அரத்தைப் போல உரசும். புதிதில் ஸ்க்ரூவின் பிளேடுக்கும், அதைச் சுற்றியுள்ள பேரல் என்ற உருளைக் கூட்டின் உள்தகடான லைனருக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. அது 8, 10 ஆனதும் மண் முன்னே போகாமல் இடுக்கு வழியாகப் பின்னால் வழுக்கும். கரண்ட் அதே அளவு இழுக்கும், கல் குறையும், பேரல் கை வைக்க முடியாமல் சுடும். தேய்வது முழு ஸ்க்ரூவும் அல்ல, டையை ஒட்டிய கடைசி ஒன்றரைச் சுற்றுதான். அந்த முனையை மட்டும் போல்ட்டில் கழற்றி மாற்றும் அமைப்பு இப்போது வருகிறது. உயர் குரோமியம் வார்ப்பில் கிடைக்கிறது. நீள ஸ்க்ரூ முழுவதையும் ஒரே துண்டாகப் பற்றவைத்துத் தரும் மெஷினை, விலை குறைவு என்றாலும் வாங்க வேண்டாம். லைனரில் நீளவாக்கில் வரிகள் இருக்க வேண்டும். வழவழப்பான லைனரில் களி ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுமே தவிர முன்னேறாது.

ஸ்க்ரூ விட்டுச் செல்லும் இன்னொரு கேடு வெளியே தெரியாத அடுக்குப் பிளவு. நடுத்தண்டு இருந்த இடத்தில் மண் சரியாக ஒட்டாமல் சுருள் வடிவில் ஒரு கோடு உள்ளே நிற்கும். பச்சைக்கல்லில் ஒரு மெல்லிய வில்லை அறுத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் கோடு வாய் பிளக்கும். வெந்த பிறகு தட்டினால் அப்படிப்பட்ட கல் கணீரென்று கேட்காது. ஸ்க்ரூ முனைக்கும் டைக்கும் நடுவே உள்ள கூம்பு நீளமாக இருந்தால் மண் மறுபடி ஒட்ட நேரம் கிடைக்கும்.

டை அளவை விற்பவர் தருவதை அப்படியே எடுக்கக் கூடாது. உங்கள் மண்ணில் ஒரு பட்டை செய்து, ஈரமாக இருக்கும்போது 100 மில்லிமீட்டருக்கு இரண்டு கோடு கீறி, காய்ந்து வெந்த பிறகு அளக்க வேண்டும். 92 வந்தால் சுருக்கம் 8 சதவீதம். செங்கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077 சொல்லும் 230 × 110 × 70 கல் வேண்டும் என்றால் டை வாய் 250 × 120, கட்டர் கம்பி இடைவெளி 76. சுருக்கம் 8-க்கு மேல் போகிற கரிசலோடு அப்படியே மல்லுக்கட்ட வேண்டாம். தூத்துக்குடி அனல் மின் நிலையச் சாம்பலையோ உப்பில்லாத மணலையோ 10 முதல் 20 சதவீதம் சேர்த்துப் பார்த்துவிட்டு டை செய்யச் சொல்லலாம்.

பத்தையின் மூலைகள் கிழிந்து வந்தால், ஓரத்து மண் நடு மண்ணைவிடப் பின்தங்குகிறது என்று அர்த்தம். டைக்குள் மூலையின் சரிவை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. புது டைகளில் சுவரோரம் தண்ணீர் கசியவிடும் வாய்க்கால் இருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதில் உவர் தண்ணீர் விட்டால் உப்பை நேராகக் கல்லின் தோலில் பூசுவதாகிவிடும். கல் ஒட்டாமல் இருக்கக் கடற்கரை மணல் தூவுவதும் அதே தப்புதான்.

கட்டரில் தானியங்கி எதற்கு? 2000 கல்லுக்குக் கையால் தள்ளும் கட்டரே போதும். உப்புக் காற்றில் சென்சாரும் சின்ன எலெக்ட்ரானிக் பலகையும் அதிக நாள் தாங்குவதில்லை. அந்தக் காசை உந்து பேரிங்கில் போடலாம். ஸ்க்ரூவின் பின் உதைப்பு முழுவதையும் தாங்குவது அது. பழைய மாடல்களில் அது மண் அறையை ஒட்டியே இருந்து, களித்தண்ணீர் இறங்கி வீணாகும். இப்போது தனிப் பெட்டியில், நடுவில் திறந்த இடைவெளி விட்டு வைக்கிறார்கள். சீல் ஒழுகினாலும் மண் கீழே சொட்டுமே தவிர பேரிங்குக்குப் போகாது.

தரையில் ஓடிக்கொண்டே கல்லை வரிசையாக அறுத்து வைத்துப் போகும் நகரும் மெஷினைப் பற்றியும் கேட்கிறார்கள். வேகம் அதிகம், ஆனால் அதற்கு இளக்கமான மண் வேண்டும், ஆகவே தண்ணீரில் மிச்சம் இல்லை. ஈரக்கல் நேராகத் தரையில் உட்காருவதால் களர் நிலத்து உப்பை அடியிலிருந்து உறிஞ்சும். உள்நாட்டுக் களத்துக்குப் பொருந்தலாம், கடலோரத்துக்கு இல்லை.

வாங்குமுன் காயப்போடும் இடத்தைக் கணக்குப் பாருங்கள். பச்சைக்கல் ஒன்று 3.6 கிலோ, மணிக்கு 2000 என்றால் 7 டன்னுக்கு மேல் ஈர மண். எட்டு மணி நேரத்தில் 16,000 கல். காய 10 நாள் ஆனால் 1,60,000 பச்சைக்கல்லுக்கு நிழல் வேண்டும். வேக்குவம் கல் கெட்டியானது, ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். கச்சான் காற்று ஒரு முகத்தை மட்டும் காயவைத்தால் கல் வளையும், மேலே மயிரிழை வெடிப்பு விழும். முதல் மூன்று நாள் காற்று வரும் பக்கம் ஓலைத் தட்டி கட்டாயம். ஒரு கல்லை உடைத்து நடுவில் கருமை இல்லை என்று பார்த்த பிறகே சூளையில் அடுக்கலாம். சீமைக் கருவேல விறகு எடுத்ததும் சுள்ளென்று எரியும். வெள்ளை ஆவி நிற்கும்வரை தீயை அடக்கித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் கல் உள்ளுக்குள் வெடிக்கும்.

பணம் கட்டுமுன் இரண்டு டன் உங்கள் மண்ணையும், அதற்குப் போதுமான உங்கள் தண்ணீரையும் விற்பவர் பட்டறைக்கு ஏற்றிச் சென்று ஓட்டிப் பார்க்க வேண்டும். வந்த கல்லைச் சுட்டு, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவிட்டு எடை போட்டால் உறிஞ்சல் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு கல்லை 25 மில்லிமீட்டர் ஆழக் காய்ச்சி வடித்த நீரில் நிறுத்தி, வற்றியதும் மறுபடி ஊற்றி, அதுவும் வற்றிய பின் பார்த்தால் உப்பு எவ்வளவு பூக்கும் என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வாங்காதீர்கள்.

மழைக்காலத்தில் மெஷினை நிறுத்தும்போது பேரலில் ஒரு பிடி மண்கூட இருக்கக் கூடாது. காய்ந்து இறுகிய களியோடு தை மாதம் சுவிட்சைப் போட்டால் தண்டு முறியும். உள்ளே நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, எண்ணெய் பூசி மூட வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று சூளை மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த முழு வரிசையும் கட்டுப்படியாகாது. அவர்கள் இரண்டு ஜோடி ரோலரையும் இரட்டைத் தண்டு மிக்சரையும் மட்டும் வாங்கி, அறுப்பதைக் கை அச்சிலேயே தொடரலாம். மண் மிதிக்கும் பாடு போய்விடும், சிப்பித் தொல்லையும் பெருமளவு தீரும். உப்புக்கு மட்டும் ஐப்பசி மழையையும் நல்ல தண்ணீரையும் நம்ப வேண்டியிருக்கும்.