ஸெனோடோவில் தரவைப் போடப்போகிறவர்களுக்கு

கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வுத் தரவை எங்கே வைப்பது என்று மாணவர்கள் கேட்டால் ஸெனோடோவைத்தான் சொல்கிறேன். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013 முதல் நடத்திவரும் இணையச் சேமிப்பகம். காசு கிடையாது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். இடவசதியைவிட, அடையாள எண்களை அது கையாளும் விதம்தான் எனக்குப் பிடித்தது.

ஒவ்வொரு பதிவுக்கும் 10.5281 என்று தொடங்கும் டிஓஐ, அதாவது இணையத்தில் அந்தப் பதிவைச் சுட்டும் நிலையான அடையாள எண், தருகிறார்கள். அதை முன்கூட்டியே ஒதுக்கி வாங்கிக் கட்டுரையில் சேர்த்துவிட்டு, அப்புறம் தரவை வெளியிடலாம். கோப்பைத் திருத்திப் போட்டால் புதுப் பதிப்புக்குத் தனி எண். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான எண் ஒன்றும் உண்டு; அது கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோகும். நீங்கள் எந்தப் பதிப்பை வைத்து ஆய்வு செய்தீர்களோ, அதன் எண்ணையே மேற்கோளில் கொடுங்கள்.

ஆசிரியர் பெயரோடு ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) சேர்க்கும் வசதி நமக்கு ரொம்பவே தேவை. ஒரே துறையில் இரண்டு மூன்று எஸ். குமார் இருப்பார்கள். ஒரே ஆள்கூட ஒரு கட்டுரையில் இனிஷியலை முன்னால் போடுவார், இன்னொன்றில் பின்னால் போடுவார், வேறொன்றில் அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுவார். 16 இடம் கொண்ட ஆர்கிட் எண் இருந்தால் இத்தனையும் ஒருவர்தான் என்று தேடுபொறிக்குத் தெரிந்துவிடும். அந்த எண்ணின் கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, ஓர் இலக்கம் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தலைப்பைத் தமிழிலேயே கொடுத்து, ஆங்கிலத் தலைப்பை மொழிபெயர்ப்பு என்று குறித்துச் சேர்க்கலாம். மனநிறைவான விஷயம்.

குறையும் உண்டு. தரவையும் கட்டுரையையும் டிஓஐ மூலம் இணைக்கும் பகுதியில் உறவு வகைகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. தரவு கட்டுரைக்குத் துணையா, கட்டுரை தரவுக்குத் துணையா என்று குழம்பி, பலரும் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். குறிச்சொற்களில் ஒருவர் ‘கல்வெட்டு’ என்றும் இன்னொருவர் ‘கல்வெட்டுகள்’ என்றும் போட்டால் இரண்டையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

டிஓஐ கிடைத்ததையே தரச்சான்றாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. உள்ளே இருக்கும் ஆய்வை ஸெனோடோ மதிப்பிடுவதில்லை.

ஏற்கெனவே பதிவு போட்டவர்கள் மெட்டாடேட்டாவை (தலைப்பு, ஆசிரியர் பெயர் போன்ற விவரங்களை) இப்போதும் திருத்தலாம், டிஓஐ மாறாது. முதலில் ஆர்கிட் எண்ணைச் சேருங்கள், அடுத்து கட்டுரையின் டிஓஐ.