யூசியா, தனியாரா, கம்யூனிட்டி காலேஜா?

மே மாதம் பிறந்தால் கலிஃபோர்னியாவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பட்டியல் வந்துவிடும்: இந்த வருடம் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் எந்தெந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று. நம் தமிழ்ப் பெற்றோர் அதில் பெர்க்லி எத்தனை, ஸ்டான்ஃபோர்டு எத்தனை என்று எண்ணிவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அது சேர்ந்தவர்கள் கணக்கா, இடம் கிடைத்தவர்கள் கணக்கா என்பதை முதலில் பாருங்கள். ஒரே பெண்ணுக்கு ஒன்பது கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால், இரண்டாவது வகைப் பட்டியலில் அவள் ஒன்பது பேர்! எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகமே, அதாவது யூசியே, வளாகவாரியாக இணையத்தில் தருகிறது. நான் அதைத்தான் நம்புவேன்.

சரி, நேராக யூசியில் சேர்வதை எடுத்துக்கொள்வோம். இளநிலைப் படிப்புக்கு ஒன்பது வளாகங்கள். மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 15,000 டாலர். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 40,000-ஐத் தாண்டும். 2022 முதல் சேர்பவர்களுக்கு, சேரும்போது உள்ள கட்டணம் ஆறு வருடம் வரை ஏறாது. எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. தன் பள்ளியில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு, கேட்ட வளாகம் எதுவும் கிடைக்காவிட்டாலும், காலியிடம் இருக்கும் வேறொரு வளாகத்தில் இடம் தருவார்கள். அது பெரும்பாலும் மெர்சிட்தான். 2005-இல் திறந்த வளாகம் என்பதால் பெயர் பரவலாகத் தெரியாது, அவ்வளவே. கவனிக்க வேண்டியது பாடப்பிரிவு. ஏதோ ஒரு பிரிவில் நுழைந்துவிட்டு அப்புறம் கணினி அறிவியலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பெர்க்லி போன்ற இடங்களில் அது குதிரைக்கொம்பு.

தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரு வருடத்துச் செலவு 90,000 டாலருக்கு மேலே போகிறது. ஆனால் அந்தத் தொகையை எல்லாரும் கட்டுவதில்லை. ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்டு 2025-இல் அறிவித்தது. சொத்து அளவுக்கு மீறி இல்லாமல் இருந்தால் போதும். அந்த வருமானத்தில் இருப்பவர்களுக்கு ஹார்வர்டு யூசியைவிட மலிவாகவே முடியலாம். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிதாக உதவாது. ஐவி லீக் என்று சொல்லப்படும், ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை கிடையாது. வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். 'ஏர்லி டிசிஷன்', அதாவது ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து விண்ணப்பிப்பது, போட்டு இடம் கிடைத்துவிட்டால், தரும் உதவி போதவே போதாது என்றால் தவிர, சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகள் எவ்வளவு தருகின்றன என்று பார்க்க வழி இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே அந்தக் கல்லூரியின் தளத்தில் உள்ள செலவுக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். அதைத் தளத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம்.

இனி, நம்மவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரி. பாடங்களின் அளவை யூனிட்டில் எண்ணுவார்கள்; ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். வீட்டிலிருந்தே போய்வரலாம். இரண்டு வருடம் கழித்து யூசிக்கு மாறினால், கையில் வாங்குவது நேரே சேர்ந்தவர்கள் வாங்கும் அதே பட்டம்தான். இது ஏதோ புறவாசல் இல்லை. மாநிலத்தின் 1960 உயர்கல்வித் திட்டமே இப்படி ஒரு வழியைத் திட்டமிட்டு வைத்தது. யூசியின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகமான யூசிஎல்ஏவில் பள்ளியிலிருந்து நேரே விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பேருக்கு இடம். மாற்றலில் கேட்பவர்களில் ஏறக்குறைய 25 பேருக்கு. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும், சொன்ன பாடங்களைச் சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் நிச்சயம் என்று எழுதியே தருகின்றன. 'டேக்' என்பார்கள். ஆறில் ஒன்றைத்தான் கேட்க முடியும்; செப்டம்பர் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. சான்டா பார்பராவின் பொறியியல் பிரிவுகளுக்கு டேக் செல்லாது. கணினி அறிவியலும் அங்கே அதில்தான் அடக்கம். கணிதம், இயற்பியல் வகுப்புகளை வரிசை தப்பி எடுத்தால் இரண்டு வருடம் மூன்றாகிவிடும், அதனால் முதல் பருவத்திலேயே 'அசிஸ்ட்' தளத்தில் எந்த வகுப்பு எந்த வளாகத்தில் செல்லும் என்று பார்த்துவிட வேண்டும். மாறிப்போன முதல் பருவத்திலேயே, ஊர் பழகும் முன்பு, இன்டர்ன்ஷிப் தேடல் ஆரம்பித்துவிடும். தானாக எழுந்து படிக்காத பிள்ளைக்கு வீட்டிலிருந்தே போய்வருவது ஆபத்துதான்.

இருந்தும் என்ன படிப்பது என்று இன்னும் தீர்மானிக்காத, கணக்கில் தடுமாறாத பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கம்யூனிட்டி காலேஜ் வழியைத்தான். இவர்கள் இரண்டு வருடம் கழித்து பெர்க்லிக்கே போனாலும் பள்ளியின் அந்த மே மாதப் பட்டியல் திருத்தப்படப் போவதில்லை. அதில் அவர்கள் கம்யூனிட்டி காலேஜ் கணக்கிலேயேதான் இருப்பார்கள். 'உங்க பையன் எங்க சேர்ந்திருக்கான்?' என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பல வீடுகளில் உண்மையான தடை. அந்தக் கேள்விக்காக வருடத்துக்கு நாற்பதாயிரம் டாலர் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.