கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி நேர்ஸிங் பாடசாலை: சேரலாமா?

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் நேர்ஸிங் பாடசாலையில் 3 வருடமும் படித்து முடித்தவள் நான். பெயர் போடப் போவதில்லை. சேரலாமா என்றால், சேரலாம். ஆனால் கட்டணம், ஹொஸ்டல், யூனிஃபோர்ம் எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றை விசாரியுங்கள்: வார்டில் பழகும்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, எந்த வருடம் வரைக்கும் இருக்கிறார்?

அரச தாதியர் பாடசாலை கிடைக்கிற பிள்ளைகள் இதை வாசிக்கவே தேவையில்லை, அங்கேயே போங்கள். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு, முடிந்தால் அரச நியமனம். ஆனால் அதற்கு வர்த்தமானி வரும்வரை காத்திருக்க வேண்டும், விஞ்ஞானமோ கணிதமோ படித்திருக்க வேண்டும், போட்டியும் அதிகம். மற்றவர்களுக்குத்தான் இந்தத் தனியார் பாதை.

வகுப்பறைக்கு நான் பெரிதாக மார்க்ஸ் போட மாட்டேன். ஸ்லைட் இங்கிலீஷில், விளக்கம் பாதிக்கு மேல் சிங்களத்தில், இரண்டும் தடுமாறுகிற பிள்ளை முதல் சில மாதம் கையெழுத்து மட்டும் அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். ஹட்டன் பக்கமிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்கள் வரும்முன்பே பேச்சுச் சிங்களம் கொஞ்சம் பழகிக்கொண்டு வாருங்கள், இது அலங்காரத்துக்கு இல்லை, எங்கே நோகிறது என்று நோயாளியிடம் கேட்க வேண்டாமா? ஸ்கில்ஸ் லேப் மட்டும் உண்மையிலேயே நல்லது. கட்டில் விரிப்பின் மூலை சரியாக மடிந்து நிற்கும்வரை விடமாட்டார்கள், பொம்மைக் கையில் கனுலா (சேலைன் ஏற்ற நரம்பில் போடும் குழாய்) போட்டுப் பழகாமல் ஆள் கையைத் தொட விடமாட்டார்கள். சேலைன் கணக்கைக் கல்குலேட்டர் இல்லாமல் செய்யச் சொல்வார்கள்: 1000 மில்லிலீட்டர், 8 மணித்தியாலம், சேலைன் ஏற்றும் குழாய் செட்டில் மில்லிலீட்டருக்கு 20 துளி, அப்படியென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, நைட் டியூட்டியில் சேலைன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் பம்ப் இல்லாத நேரம் அதன் அருமை தெரிந்தது.

சரி, வார்டுக்கு வருவோம். இந்தப் படிப்புக்குக் கொடுக்கிற காசெல்லாம் இங்கேதான் வசூலாகிறது. முதல் வருடமும் இரண்டாம் வருடத்தில் பெரும்பகுதியும் எங்களோடு ஒரு கிளினிக்கல் டியூட்டர் மிஸ், அதாவது வார்டில் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறவர், நின்றார். டெங்கு சீசனில் அவரோடு மெடிக்கல் வார்டில் நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வார்டு நிரம்பிவிடும் (2017இல் நாடு முழுக்கப் பதிவானவர்கள் மட்டும் 186,000க்கு மேல்). காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டு எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்பார்கள், ஆனால் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசியத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம் கண்ணை எடுக்க முடியாது. எங்கள் பேட்ச் பிள்ளை ஒருத்தி 100க்கு 80 என்று பிரஷர் எழுதிவிட்டு, நோர்மல் மிஸ் என்றாள். மிஸ் ஏசவில்லை. "மேலேயுள்ளதிலிருந்து கீழேயுள்ளதைக் கழி பார்ப்போம்" என்றார். 20. டெங்கு நோயாளியிடம் அந்த இடைவெளி 20க்கு வந்தால் அது ஷொக், உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகிற ஆபத்தான நிலை, மேல் எண் எவ்வளவு நல்லாகத் தெரிந்தாலும். அப்புறம் கையைப் பிடித்து விரல் நுனி குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வைத்தார், போன மணித்தியாலத்துச் சிறுநீர் அளவைச் சார்ட்டில் தேட வைத்தார், பி.சி.வி. (இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும்) ரிப்போர்ட்டோடு டொக்டருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாயால் சொல்லிப் பழக்கினார், எல்லாமே சில நிமிடத்தில். அதே பாடத்தின் ஸ்லைட் எனக்கு இன்றைக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

மூன்றாம் வருடம் கதை மாறிவிடும். டியூட்டர் புது பேட்சோடு போய்விடுவார், நாங்கள் வார்டில் ஆள் கணக்குக்கு நிற்போம். ஃபார்மசிக்கு ஓடு, லேப் ரிப்போர்ட் எடுத்து வா, ட்ரொலியைத் தள்ளு. படிக்கிறோமா வேலை செய்கிறோமா என்று கேட்டால் இரண்டும்தான் என்பார்கள். செய்து பழகியதைப் பதிகிற லொக் புத்தகத்தில் செய்யாத ப்ரொசீஜருக்கும் கையெழுத்து விழுந்துவிடும், பிஸியான சிஸ்டருக்கு அது சுலபம், ஆனால் பிறகு தனியாக நிற்கப்போவது நீங்கள். செய்து பார்க்காததற்குக் கையெழுத்து வாங்காதீர்கள், இன்னொரு நாள் கேட்டுச் செய்யுங்கள். இதற்கு முறைப்பாடு எழுதினோம், கூட்டம் வைத்தார்கள், பிஸ்கட் நல்லாக இருந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு டியூட்டியும் சேரும். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ சிங்களம் வராத அம்மா யாராவது அட்மிட் ஆனால் எந்த வார்டில் இருந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் வேலை அப்படியே கிடக்கும். இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், ஒப்பரேஷனுக்கு முன் என்ன கேட்க வேண்டும், பயப்படுகிற ஆளுக்கு எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் வந்தது.

ஹொஸ்டல் பாதுகாப்பு, சுத்தம். சாப்பாடு பருப்பு, பாண், மறுபடி பருப்பு. வெளியே போர்டிங் எடுத்தால் வாடகையும் கூட, காலை 7 மணி டியூட்டிக்கு விடியமுன் பஸ் பிடிக்கவும் வேண்டும். யூனிஃபோர்ம் தருவார்கள், சப்பாத்து நீங்கள் வாங்க வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொண்ட் விஷயத்தில் கவனம். படிப்பு முடிந்து அங்கேயே எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், மூலச் சான்றிதழை அவர்கள் வைத்துக்கொள்வார்களா, பிணை நிற்கிற அப்பாவின் தலையில் என்ன விழும், இவை எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். சான்றிதழைக் கொண்டு இலங்கைத் தாதியர் பேரவையில் பதிய முடியுமா என்பதையும் வாய்ப் பேச்சில் நம்பாமல் பேரவையிலேயே கேளுங்கள். வெளிநாட்டுக் கனவு இருந்தால் அந்தப் பதிவும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும், பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சை என்றால் எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. நைட் டியூட்டியோடு அதைப் படிப்பது லேசில்லை, முதல் வருடத்திலேயே தொடங்குங்கள்.

சேரும்முன் ஒரு நாள் மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி கன்டீனுக்குப் போங்கள். பிளேன்டீ ஒன்று வாங்கிக்கொண்டு, மூன்றாம் வருடப் பிள்ளை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாக எப்போது ஒரு டியூட்டர் உங்களோடு வார்டில் நின்றார் என்று கேளுங்கள். ஒஃபிஸில் கொடுக்கிற புத்தகத்தை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.