ஜிசிசி 14-க்கு மாறி எட்டு மாதம்: தண்டையார்பேட்டை நண்பருக்கு என் பதில்

"நாங்களும் ஜிசிசி 14-க்கு மாறலாமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். ஜிசிசி என்பது சி மொழியில் எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர்; 14 அதன் பதிப்பு எண். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடை சாஃப்ட்வேர் என் பொறுப்பு. மூன்று லட்சம் வரிக்கு மேல் சி. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸோடு வந்த ஜிசிசி 4.8.5-லேயே காலம் தள்ளினோம். 2024 ஜூன் 30-ஓடு அந்த ஓஎஸ்ஸுக்கு சப்போர்ட் நின்றது, மாறித்தான் ஆக வேண்டியிருந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். மாதக் கடைசி ரிப்போர்ட் மட்டும் பாதியில் கிராஷ் ஆகும். ராமை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. 14 ஒரே வரியில் காட்டிக்கொடுத்தது: டிக்ளேர் செய்யாத, அதாவது என்ன திருப்பித் தரும் என்று முன்கூட்டியே அறிவிக்காத ஃபங்ஷன். அது திருப்பித் தருவது பாயின்டர், அதாவது மெமரி முகவரி. பழைய கம்பைலர் அதை இன்ட் (சாதாரண முழு எண்) என்று எடுத்துக்கொண்டு, 8 பைட் முகவரியை 4 பைட்டாக வெட்டிவிட்டது. சின்ன ரிப்போர்ட்டுக்குக் கிடைக்கும் முகவரியும் சின்னது, தப்பித்துவிடும். பெரிய லிஸ்ட் என்றால் மெமரி மேலே எங்கிருந்தோ வரும், அங்கேதான் விழுந்தது. 1999-லேயே சி ஸ்டாண்டர்டு இந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டது. ஜிசிசி இதை எரர் ஆக்கியது 2024-ல். அந்த அறிவிப்பு இருக்கும் ஹெடர் ஃபைலைச் சேர்த்தேன். அதன் பிறகு ஒரு மாதக் கடைசிகூட ரிப்போர்ட் விழவில்லை. அந்த நிம்மதிக்கு விலையே கிடையாது.

ஆனால் பில்டுக்கு முன் மெஷினில் என்னென்ன வசதி இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் கையால் எழுதிய குட்டி டெஸ்ட் புரோகிராம்கள் அதில் உண்டு. எதிலும் ஹெடர் கிடையாது. 14 அவற்றைக் கம்பைல் செய்ய மறுக்கிறது. உடனே ஸ்கிரிப்ட், "இந்த மெஷினில் ஃபைல் லாக் இல்லை" என்று முடிவுகட்டி, லாக் போடும் புரோகிராம் பகுதியையே விட்டுவிடுகிறது. இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலைத் தொடாமல் தடுப்பது அந்த லாக்தான். திரையில் ஒரு எரர் இல்லை, பில்ட் சுத்தமாக முடிகிறது. மூன்றாம் நாள் ஒரு டிரைவர் இரண்டு சீட்டோடு வந்து நின்றார். இரண்டு எடைமேடை, இரண்டு லாரி, ஒரே சீட்டு எண். ஸ்கிரிப்ட் தன் சோதனைகளை எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக் ஃபைலைத் தோண்டிக் காரணம் கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆனது. தெரியாமல் செய்த தப்பை எரர் போட்டு நிறுத்தும் கம்பைலர், இங்கே மட்டும் வாய் திறக்கவில்லையே என்று அன்று கொதித்தேன். தப்பு ஸ்கிரிப்டுடையதுதான், தெரியும். இருந்தாலும் மனசு ஆறவில்லை.

அதனால் நண்பரே, உங்கள் கான்ஃபிகரை வரிக்கு வரி படிக்க ஆள் இல்லையென்றால் இந்த வருஷம் மாறாதீர்கள். ஆள் இருந்தால், பழைய கம்பைலரில் வந்த கான்ஃபிக்.ஹெச்சையும் (கான்ஃபிகர் தன் முடிவுகளை எழுதும் ஃபைல்) புதியதில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு பில்ட் போடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.