ஆர்.ஓ. மெஷின் நல்லா இருக்கு, வித்த விதம் தான் சரியில்ல

தண்டையார்பேட்டைல எங்க வீட்ல ஆர்.ஓ. மாட்டி எட்டு மாசம் ஆச்சு, போர் தண்ணில இருந்த உப்பு கரிப்பு சுத்தமா போயிடுச்சு, டீயே வேற டேஸ்ட்ல இருக்கு, அதுக்கு நாலு ஸ்டார். ஆனா விக்க வந்த தம்பி எங்கம்மாகிட்ட "அமெரிக்காலயே ஃப்ளோரைடு தடை பண்ணிட்டாங்கம்மா, இங்க இன்னும் கலக்குறாங்க"ன்னு பயமுறுத்தி பெரிய மாடல தலைல கட்டிட்டு போயிட்டாரு, அதான் மனசு ஆறல. 2025ல யூட்டா, ஃப்ளோரிடா ரெண்டு மாநிலத்துல தடை வந்தது உண்மை, ஆனா அங்க பல்லு சொத்தையாகாம இருக்கணும்னு அவங்களே குழாய் தண்ணில கலந்துட்டு இருந்தாங்க, அத நிறுத்துனாங்க. நம்ம ஊர்ல யாரும் கலக்கறதில்லங்க! இங்க பாறைல இருந்து தானா கரைஞ்சு வர்றது தான் பிரச்சனை, தர்மபுரி பக்கம் நெறைய பேருக்கு பல்லு பழுப்பேறி போனது அதனால தான், ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் வந்ததும் அதுக்காக தான். நான் லேப்ல குடுத்து பாத்தேன், எங்க போர்ல ஃப்ளோரைடு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் தான், பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சொல்ற அளவு 1 வரைக்கும். எங்களுக்கு சின்ன மாடலே போதும். வாங்குறவங்க மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணிடுங்க, வயசானவங்கள தனியா பேச விடாதீங்க. சர்வீஸ்க்கு கூப்ட்டா அன்னைக்கே வந்துடுறாங்க, அதையும் சொல்லணும்.