விசைப்பலகையின் சொந்த அகராதி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

என் போனின் விசைப்பலகை அமைப்புகளுக்குள் 'சொந்த அகராதி' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு சுருக்கத்தையும் அதற்குரிய முழு வாக்கியத்தையும் அதில் சேர்த்துவிட்டால், சுருக்கத்தைத் தட்டியதும் வாக்கியம் மேலே பரிந்துரையாக வந்து நிற்கும். தொட்டால் போதும். பலர் திறந்துகூடப் பார்த்திராத இடம் அது. நான் தேடிப் போனதற்கு அப்பாதான் காரணம்.

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. எங்களுக்குள் எல்லாமே குறுஞ்செய்திதான். ஒரு நாள் முழங்கால் வலியைப் பற்றியும் மருத்துவர் சொன்னதைப் பற்றியும் பத்து வரி எழுதியிருந்தார். வேலை நெருக்கடியில் நான் 'ஓகே' என்பதைச் சுருக்கி 'கே' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்பினேன். அடுத்த முறை பார்க்கப் போனபோது போனை நீட்டி, "மீதி வரவே இல்லையே, அம்மா" என்றார். அவருடைய பத்து வரிகளுக்குக் கீழே அந்த ஓர் எழுத்து தனியாகக் கிடந்தது. செய்தி பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்து, அன்றிரவு படுக்கப் போகும் வரை காத்திருந்திருக்கிறார்.

சுருக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. தோழிகளோடு இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன். 1917-இலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர், சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் 'ஓ.எம்.ஜி.' என்று எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஓ! மை காட்!' என்று அதன் விரிவையும் கொடுத்தார். படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்ற அந்த அக்கறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்த அகராதி செய்வதும் அதையே: சுருக்கம் என் விரலோடு நின்றுவிடுகிறது, அப்பாவுக்கு முழுத் தமிழ் போய்ச் சேருகிறது.

இப்போது 'மாமா' என்று தட்டினால் 'மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?' என்று வருகிறது. முதலில் 'மா' என்றுதான் வைத்திருந்தேன். மாலை, மாதம், மாற்றம் என்று எதைத் தொடங்கினாலும் மாத்திரைக் கேள்வி வந்து குறுக்கே நின்றது. இரட்டித்த பிறகு தொல்லை குறைந்தது. ஆனால் உண்மையான மாமாவுக்கு எழுதும்போது கவனம் வேண்டும். எங்கும் சொல்லாக வராத எழுத்துச் சேர்க்கையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது, 'சாப்பிட்டீர்களா அப்பா?' என்பதற்கு 'சாசா' வைத்திருக்கிறேன், இதுவரை சிக்கல் இல்லை.

இணையம் இல்லாமல் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 இடங்கள்தான். புள்ளியும் கால் கொம்புகளும் தனி இடம் பிடிக்கின்றன. அந்த மாத்திரைக் கேள்வியில் கண்ணுக்குத் தெரிவது 14 எழுத்துகள். கணக்கிலோ இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்து 29 இடங்கள். இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தால் ஒரு செய்தி இரண்டாக உடையும். தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைக் குறுக்கி எழுதப் பழகியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. சொந்த அகராதியால் இதைத் தீர்க்க முடியாது. வாக்கியத்தை அளவாக அமைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

பெரிய குறை ஒன்று: போன் மாற்றியபோது நான் சேர்த்திருந்த நாற்பது வாக்கியங்களும் கூட வரவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளிட்டேன். இப்போது பட்டியலை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்று இதற்காகத்தான் போயிற்று.

சென்ற மாதம் அப்பாவின் போனிலும் இதை அமைத்துக் கொடுத்தேன். "உனக்கு அனுப்ப எதுவும் வேண்டாம், அதை மெதுவாகவே தட்டிக்கொள்கிறேன்" என்றார். ஒரே ஒரு வாக்கியம் கேட்டார். மருந்துக் கடையிலும் வங்கியிலும் இரண்டு எழுத்தைத் தட்டி, திரையை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்: 'எனக்குக் காது சரியாகக் கேட்காது. தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள்.'